எம்டெக் போட்டா சம்பளம் ஏறுமா? பிஇ காரங்களுக்கு ஒரு கணக்கு, பிஎஸ்சி காரங்களுக்கு வேற கணக்கு

அப்ரைசல் லெட்டர் வர்ற மாசம் வந்துட்டா போதும், எனக்கு அஞ்சாறு பேராவது போன் போட்டுருவாங்க, இல்லனா சோழிங்கநல்லூர்ல ஆபீஸ் வாசல் டீக்கடைல புடிச்சுருவாங்க. "அண்ணா, இந்த வருஷ ஹைக் பெட்ரோல் காசுக்கே காணாது, ஒரு மாஸ்டர்ஸ் போட்டுடலாமானு பாக்குறேன், போட்டா ஏறுமா?" இதான் கேள்வி. நான் ஏறும்னும் சொல்றதில்ல, ஏறாதுன்னும் சொல்றதில்ல, யூஜி என்ன படிச்சீங்கன்னு தான் திருப்பி கேப்பேன். பிஇ, பிடெக்னா ஒரு பேச்சு. பிஎஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ், பிசிஏன்னா முழுசா வேற பேச்சு. இத பத்தி அட்வைஸ் குடுக்குறவங்க பாதி பேரு ரெண்டையும் ஒரே சட்டில போட்டு கிண்டி, படிப்பு எப்பவுமே நல்லது தம்பின்னு முடிச்சுடுறாங்க.

நான் பிஎஸ்சி காரன், அதனால அங்க இருந்தே ஆரம்பிக்கிறேன்.

பிஎஸ்சி பிசிஏல இருக்குற சிக்கல் அறிவு இல்ல, வருஷக் கணக்கு. பன்னெண்டு வருஷம் ஸ்கூல், 3 வருஷம் காலேஜ், மொத்தம் 15. பிஇ காரங்களுக்கு 16. இந்த ஒரு வருஷ வித்தியாசம் முதல் அஞ்சு வருஷம் கண்ணுக்கே தெரியாது, ஏன்னா ஒரே டீம்ல ஒரே டிக்கெட்ட தான் ரெண்டு பேரும் மூடிட்டு இருப்பாங்க. அப்புறம் ஒரு நாள் ஆன்சைட், அதாவது கிளையன்ட் ஊருக்கே அனுப்புற பேச்சு வரும், இல்ல வேற கம்பெனி ஜாப் போஸ்டிங்ல "பிஇ / பிடெக் / எம்சிஏ மட்டும்"னு ஒரு வரி இருக்கும், அப்ப தான் உறைக்கும். அமெரிக்கால நிறைய யூனிவர்சிட்டி மாஸ்டர்ஸ் சேர 16 வருஷ படிப்பு கேக்குது. எச்1பின்ற வேலை விசாவுக்கு அந்த ஊரு 4 வருஷ பேச்சிலர் டிகிரிக்கு சமமா ஏதாவது காட்டணும், அங்க ஒரு வழி இருக்கு, 3 வருஷ வேலை அனுபவத்த 1 வருஷ காலேஜ் படிப்பா எடுத்துக்குவாங்க, அப்படி ஒட்டு போட்டு சமாளிச்சவங்க நிறைய. ஆனா கிரீன்கார்டுல ஈபி2ன்னு ஒரு கேட்டகிரி இருக்கு பாருங்க, அதுல இந்த ஒட்டு வேலை நடக்காது. அங்க போய் பத்து வருஷம் உக்காந்தப்புறம் கூட இந்த பழைய மார்க் ஷீட் வந்து கால வாரும்.

இந்த இடத்துல தான் எம்சிஏ வந்துச்சு. கம்ப்யூட்டர் படிக்காம மேத்ஸ் பிசிக்ஸ் காமர்ஸ்னு படிச்சவங்கள ஐடிக்கு கொண்டு வந்த பாலம் அது, ரொம்ப காலம் 3 வருஷ கோர்ஸா இருந்துச்சு, 2020-21ல இருந்து தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பு ஏஐசிடிஇ அத 2 வருஷமா குறைச்சுட்டாங்க. படிக்கிறவங்களுக்கு ஒரு வருஷ பீஸும் ஒரு வருஷ வாழ்க்கையும் மிச்சம், சந்தோஷம் தான், ஆனா பழைய எம்சிஏ காரங்க 3 கூட்டல் 3ன்னு காட்டுனத இப்ப 3 கூட்டல் 2ன்னு காட்டணும், வெளிநாட்டு எவாலுவேஷன்ல அந்த ஒரு வருஷத்த நோண்டுவாங்கன்றத மனசுல வச்சுக்கோங்க. தமிழ்நாட்டுல சேர்றதுக்கு டான்செட், அண்ணா யூனிவர்சிட்டி நடத்துறது, எம்பிஏவுக்கும் எம்சிஏவுக்கும். முன்னாடி எம்இ எம்டெக்கும் இதுலயே இருந்துச்சு, 2023ல இருந்து அதுக்கு சீட்டா பிஜின்னு தனி பரீட்சை. என்ஐடி எம்சிஏ வேணும்னா நிம்செட் எழுதணும், நம்ம திருச்சி என்ஐடி எம்சிஏக்கு இருக்குற மவுசு பல பிஇ காலேஜுக்கு கிடையாது, இத நான் பொறாமையோட தான் சொல்றேன்.

பிஎஸ்சி காரங்கள எடுத்து கம்பெனியே மாஸ்டர்ஸ் படிக்க வைக்குறது ஒண்ணும் புது ஐடியா இல்ல. விப்ரோ 1995லயே பிட்ஸ் பிலானியோட சேந்து ஆரம்பிச்சுட்டாங்க, வேஸ்னு சொல்லுவாங்க அப்ப, சாப்ட்வேர் இன்ஜினியரிங்ல எம்எஸ் குடுத்தாங்க. இப்ப அது எம்டெக்கா வேற பேர்ல ஓடுது. கம்பெனிக்கு இதுல என்ன லாபம்னு யோசிச்சா விளங்கும். பிஇ பிரஷர் சேந்த ஒண்ணரை வருஷத்துல கூடுதல் காசுக்கு தாவிடுவான், பிஎஸ்சி பையனுக்கு கையில டிகிரி வர 4 வருஷம் ஆகும், கூடவே 60 மாச ஒப்பந்தம் வேற, அதனால ஆள் நிப்பான். ஸ்டைபெண்டு கம்மி. அதே நேரம் வீட்டுல பணம் இல்லாத ஒரு பையனோ பொண்ணோ கைக்காசு போடாம எம்டெக் ஆகுறாங்க. சுரண்டல்னு ஒருத்தர் சொல்லுவார், வாழ்க்கை குடுத்துச்சுன்னு இன்னொருத்தர் சொல்லுவார், ரெண்டு பேரும் அந்த ப்ரோக்ராம்ல படிச்சவங்களா இருப்பாங்க, ரெண்டுமே உண்மை தான்.

சரி, இப்ப பிஇ காரங்க.

இங்க தான் நிறைய பேருக்கு மனசு கஷ்டப்படும். சர்வீஸ் கம்பெனில, அதாவது வெளி கிளையன்டுக்கு வேலை செஞ்சு குடுக்குற ஐடி கம்பெனில இருந்துகிட்டு, பிஇயும் வச்சுக்கிட்டு, அதே கம்பெனில சம்பளம் ஏறணும்னு எம்டெக் படிச்சா பெரும்பாலும் ஏறாது. மேனேஜர் கெட்டவர்ன்றதால இல்ல, அந்த பிசினஸ் ஓடுற விதம் அப்படி. கிளையன்ட் கிட்ட பில் போடுறது ரேட் கார்டு வச்சு. அந்த கார்டுல இருக்குறது ரோல், எத்தனை வருஷ அனுபவம், எந்த டெக்னாலஜி, ஆள் இங்க இருக்காரா அங்க இருக்காரா, அவ்ளோ தான். டிகிரின்னு ஒரு கட்டமே அதுல கிடையாது. நீங்க எம்டெக் முடிச்சதால கிளையன்ட் மணிக்கு ஒரு டாலர் கூட குடுக்கப் போறதில்ல, அப்புறம் கம்பெனி எங்க இருந்து எடுத்து உங்களுக்கு குடுக்கும்? எச்ஆர் போர்ட்டல்ல "ஹையஸ்ட் குவாலிபிகேஷன்" அப்டேட் ஆகும், லிங்க்ட்இன்ல 300 லைக் வரும், பேஸ்லிப்ல அதே நம்பர் தான் இருக்கும். படிச்சு முடிச்சு ஆறு மாசம் கழிச்சு இத கண்டுபுடிச்சு நொந்து போன ஆளுங்கள எனக்கு பேர் பேரா தெரியும்.

அதே பிஇ காரங்களுக்கு மாஸ்டர்ஸ் நிஜமாவே வேலை செய்ற இடமும் இருக்கு. மெஷின் லேர்னிங் ரிசர்ச் மாதிரி ரோல், சிப் டிசைன், கம்பைலர், இந்த மாதிரி இடத்துல ஜாப் போஸ்டிங்லயே மாஸ்டர்ஸ் கேப்பாங்க, கேக்கலனாலும் பக்கத்து சீட்ல இருக்குறவங்க எல்லாம் அதான் படிச்சிருப்பாங்க. வாத்தியார் வேலைக்கு போகணும்னா இன்ஜினியரிங் காலேஜ்ல எம்இ இல்லாம உள்ளயே விட மாட்டாங்க. அப்புறம் இன்னொண்ணு, இத யாரும் வெளிப்படையா சொல்றதில்ல, நான் இதுக்கு கேம்பஸ் ரீசெட்னு பேர் வச்சிருக்கேன். முதல் தடவை சுமாரான காலேஜ்ல இருந்து 3.5 லட்சத்துக்கு பக்கத்துல ஒரு ஆபர்ல வந்தவங்க, கேட்ன்ற நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடிலயோ நல்ல என்ஐடிலயோ எம்டெக் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேந்தா, ரெண்டாவது தடவையா கேம்பஸ் பிளேஸ்மென்ட்ல உக்காரலாம். அந்த வாசலுக்கு வர்ற கம்பெனிகள் வேற, அவங்க குடுக்குற நம்பர் வேற. எம்டெக் சிலபஸ் அந்த சம்பளத்த குடுக்கல, அந்த காலேஜ் வாசல் குடுத்துச்சு. அப்படின்னா ஒரு சாதாரண காலேஜ்ல புல் டைம் எம்இ சேந்தா அந்த வாசலும் கிடைக்காது, ரெண்டு வருஷ எக்ஸ்பீரியன்ஸும் போச்சு, இத சொல்லும்போது தான் டீ ஆறிப் போயி ஒரு மாதிரி முழிப்பாங்க.

கேட் வழியோட காசு கணக்கையும் பாத்துடலாம். ஸ்கோர் 3 வருஷம் செல்லும். கேட் ஸ்கோரோட சேர்றவங்களுக்கு மாசம் 12,400 ரூபா ஸ்டைபெண்டு, ரொம்ப வருஷமா அதே 12,400 தான், பெட்ரோலும் பரோட்டாவும் ஏறிக்கிட்டே இருக்கு அது மட்டும் நின்ன இடத்துலயே நிக்குது. 24 மாசத்துக்கு 2,97,600. நாலு வருஷ அனுபவத்துல வருஷத்துக்கு 8 லட்சம் வாங்கிட்டு இருக்குற ஆள் வேலைய விட்டுட்டு போனா 16 லட்சம் வராம போகுது, அதுல இந்த 3 லட்சத்த கழிச்சா 13 லட்சம், இது தான் அந்த எம்டெக்கோட உண்மையான பீஸ். காலேஜ் பீஸ் தனி. வீட்டு ஈஎம்ஐ ஓடிட்டு இருக்கா, தங்கச்சி கல்யாணம் இருக்கா, இதெல்லாம் எந்த ப்ரோஷர்லயும் வராது. 24 வயசுல இந்த கணக்கு ஒத்து வரும், 33ல ரெண்டு குழந்தையோட ஒத்து வர்றது கஷ்டம்.

அதனால தான் பெரும்பாலானவங்க வேலைய விடாம படிக்குற வழிக்கு போறாங்க, நானும் அப்படித்தான். இதுல பேர் தெரிஞ்சது பிட்ஸ் பிலானியோட வில்ப், 1979ல இருந்தே நடக்குது, பலருக்கு அது ஏதோ கோவிட்ல வந்த ஆன்லைன் கோர்ஸ்னு நினைப்பு. கிளாஸ் பெரும்பாலும் வீக்கெண்ட்ல, 4 செமஸ்டர், கடைசி செமஸ்டர் டிசர்டேஷன், மொத்த செலவு 3 லட்சத்த ஒட்டி வரும். கொறஞ்சது 1 வருஷ வேலை அனுபவம் வேணும், ஆபீஸ்ல ஒருத்தர் மென்ட்டரா இருந்து கையெழுத்து போடணும். ஐஐடி கான்பூர் ஈமாஸ்டர்ஸ்னு ஒண்ணு நடத்துறாங்க, கேட் தேவையில்ல, 1 வருஷத்துல இருந்து 3 வருஷத்துக்குள்ள எப்ப வேணா முடிச்சுக்கலாம், ஆனா பீஸ் கேட்டா தலை சுத்தும். பக்கத்துலயே கிண்டில சிஇஜில, அதாவது அண்ணா யூனிவர்சிட்டி இன்ஜினியரிங் காலேஜ்ல, பார்ட் டைம் எம்இ சாயங்கால கிளாஸ் இருக்கு, சிறுசேரில வேலை பாத்துட்டு ஆறு மணிக்கு கிண்டி போய் சேர்றவங்களுக்கு கோயில் கட்டலாம்.

என் கதைய கொஞ்சம் சொல்றேன், ஏன்னா இந்த வீக்கெண்ட் எம்டெக்க பத்தி எழுதுறவங்க யாரும் சனிக்கிழமைய பத்தி எழுதுறதில்ல. சர்வீஸ் கம்பெனில சனிக்கிழமைன்னா லீவுன்னு வெளிய இருக்குறவங்க நினைப்பாங்க, ஆனா ப்ரொடக்ஷன் ரிலீஸ் எல்லாம் வெள்ளி ராத்திரி தான் வைப்பாங்க, விடிய விடிய கான்பரன்ஸ் கால்ல உக்காந்துட்டு காலைல கிளாஸ்ல லாகின் பண்ணா அந்த ப்ரொபசர் கன்சென்சஸ் அல்காரிதம் பத்தி பேசிட்டு இருப்பார், எனக்கு அவர் வாய் அசையுறது மட்டும் தெரியும். முதல் செமஸ்டர்ல என் பேட்ச்ல வாட்ஸ்அப் குரூப் நிரம்பி வழிஞ்சுச்சு, மூணாவது செமஸ்டர்ல அசைன்மென்ட் டெட்லைன் அன்னைக்கு மட்டும் தான் உயிர் வரும், பாதி பேர் சத்தமில்லாம கழண்டுகிட்டாங்க. யாருக்கும் படிப்பு வராம இல்ல. ப்ராஜெக்ட் மாறுச்சு, நைட் ஷிப்ட் வந்துச்சு, குழந்தை பொறந்துச்சு. என் அப்போதைய மேனேஜர் லீவு கேட்ட ஒவ்வொரு தடவையும் "படிப்பு உன் பர்சனல் விஷயம்பா"ன்னார், டிசர்டேஷன்ல நான் செஞ்ச லாக் அனலிசிஸ் டூல கிளையன்ட் டெமோல காட்டும்போது மட்டும் அது "நம்ம டீம் இன்னோவேஷன்" ஆயிடுச்சு.

ஆனா ஒண்ணு ஒத்துக்கணும். ஆறு வருஷம் சப்போர்ட் ப்ராஜெக்ட்ல டேட்டாபேஸ் லாக் ஆனா சர்வீஸ ரீஸ்டார்ட் பண்ணு, திரும்ப லாக் ஆனா திரும்ப ரீஸ்டார்ட் பண்ணுன்னு தான் ஓட்டிட்டு இருந்தேன், ரன்புக்ல அப்படித்தான் எழுதியிருந்துச்சு. டிரான்சாக்ஷன் ஐசொலேஷன் கிளாஸ்ல ஒரு படம் போட்டு காட்டுனாங்க, ரெண்டு டிரான்சாக்ஷன் ஒண்ணுக்கொண்ணு எப்படி முட்டிக்கிட்டு நிக்குதுன்னு, அன்னைக்கு ராத்திரி எங்க பேட்ச் ஜாப் கோட எடுத்து பாத்தேன், ரெண்டு டேபிள ரெண்டு ஜாப்பும் தலைகீழ் வரிசைல அப்டேட் பண்ணிட்டு இருந்துச்சு. வரிசைய மாத்துனோம், அதோட அந்த ரீஸ்டார்ட் வேலை ஒழிஞ்சுச்சு. இதுக்கு எனக்கு ஹைக் வரல. அடுத்த கம்பெனி இன்டர்வியூல இந்த ஒரு கதைய வச்சு முக்கால் மணி நேரம் பேசினேன், அங்க இருந்து தான் சம்பளம் ஏறுச்சு. அந்த கதை எம்டெக் இல்லாமலும் கிடைச்சிருக்கலாம், ஒரு நல்ல டேட்டாபேஸ் புக்க ஒழுங்கா படிச்சிருந்தா போதும், ஆனா யாரும் அடிக்காம நான் அந்த புக்க தொறந்திருக்க மாட்டேன்னு எனக்கே தெரியும்.

இன்னொரு தப்புக் கணக்கு, யூஜில 55 பர்சன்ட் வாங்குனத எம்டெக் மார்க் மறைச்சுடும்னு நினைக்குறது. பல கம்பெனி எச்ஆர் பில்டர்ல "60 பர்சன்ட் த்ரூஅவுட்"னு போட்டிருப்பாங்க, பத்தாவது, பன்னெண்டாவது, யூஜி எல்லாத்துலயும் 60ன்னு அர்த்தம். மேல என்ன அடுக்குனாலும் கீழ இருக்குற 55 அப்படியே தான் இருக்கும். அனுபவம் கூட கூட இந்த பில்டர் தளர்ந்துடும்ன்றது மட்டும் ஆறுதல்.

வெளிநாட்டு எம்எஸ் பத்தி பேசாம இந்த கட்டுரைய முடிக்க முடியாது, ஏன்னா பாதி பேருக்கு மாஸ்டர்ஸ்னாலே அது தான். 2023-24 கல்வியாண்டுல அமெரிக்கால இருந்த இந்திய மாணவர்கள் 3.31 லட்சம் பேரு, சீனாவ தாண்டி முதல் இடம், அதுல பத்துல ஆறு பேரு கிராஜுவேட் படிப்புல. இவங்க வாங்குறது டிகிரி மட்டும் இல்ல, கூட வர்ற ஓபிடி, படிச்சப்புறம் அங்கயே வேலை பாக்க குடுக்குற அனுமதி. 12 மாசம் வேலை பாக்கலாம், ஸ்டெம் (சயின்ஸ், டெக்னாலஜி, இன்ஜினியரிங், மேத்ஸ்) படிப்புன்னா இன்னும் 24 மாசம், ஆக 3 வருஷம். அந்த 3 வருஷத்துல எச்1பி லாட்டரில பேர் விழணும். வருஷத்துக்கு 65,000 சீட்டு பொதுவா, அமெரிக்க மாஸ்டர்ஸ் முடிச்சவங்களுக்கு மட்டும் தனியா 20,000. 2019ல லாட்டரி குலுக்குற வரிசைய மாத்துனாங்க, முதல்ல எல்லாரையும் அந்த 65,000ல குலுக்கிட்டு, விடுபட்ட மாஸ்டர்ஸ் காரங்கள திரும்ப 20,000ல குலுக்கினாங்க, அதனால அங்க படிச்சவங்களுக்கு ரெண்டு சான்ஸ் மாதிரி ஆச்சு. அப்படியும் 2026 நிதியாண்டு குலுக்கல்ல தகுதியான பதிவு 3.4 லட்சத்துக்கு மேல, விழுந்தது 1.2 லட்சம் தான். அப்புறம் 2025 செப்டம்பர்ல புது எச்1பிக்கு 1 லட்சம் டாலர் கட்டணும்னு ஒரு குண்ட போட்டாங்க. ஊர்ல பாதி பேரு அதோட எம்எஸ் கனவு செத்துச்சுன்னு நினைச்சாங்க, ஆனா அக்டோபர்ல வந்த விளக்கத்துல, அங்கயே எப்1ன்ற மாணவர் விசாவுல படிச்சுட்டு விசா மாத்திக்கிறவங்களுக்கு இந்த கட்டணம் கிடையாதுன்னுட்டாங்க. அதாவது அடிபட்டது இங்க இருந்து கம்பெனி மூலமா நேரா போறவங்க. அந்த 1 லட்சம் டாலர் இருக்குற வரைக்கும், அமெரிக்கா தான் வேணும்னு நிக்குறவங்களுக்கு எம்எஸ் வழி முன்ன விட முக்கியமா ஆயிடுச்சுன்னு தான் நான் பாக்குறேன், ஆனா அந்த ஊர் ரூல் எல்லாம் நீங்க அட்மிஷன் போடும்போது ஒண்ணு, டிகிரி வாங்கும்போது வேற ஒண்ணு.

லோன் கணக்க மட்டும் யாரும் பேப்பர்ல போட்டுப் பாக்காம கையெழுத்து போடாதீங்க. கவர்மென்ட் பேங்க் வழக்கமான எஜுகேஷன் லோன்ல 7.5 லட்சத்துக்கு மேல போனா சொத்து கேப்பாங்க, அப்பா வீட்டுப் பத்திரம் பேங்க் லாக்கருக்கு போயிடும். 40 லட்சம், 11 பர்சன்ட் வட்டி, 10 வருஷம்னு வச்சா மாசம் 55,000 ஈஎம்ஐ. இது படிக்குற காலத்து வட்டி அசல்ல சேர்றதுக்கு முன்னாடி, அது சேந்தா இன்னும் ஏறும். டாலர்ல சம்பளம் வந்தா அது பெரிய பாரமா தெரியாது, வேலை கிடைக்காம ஊருக்கு திரும்பி வந்து 9 லட்சம் பேக்கேஜ்ல சேந்தா கைக்கு வர்றதுல முக்கால்வாசி அதுக்கே போயிடும். கட்டுற வட்டிக்கு வருமான வரியில, 80இன்னு சொல்லுவாங்களே அந்த சலுகைல, 8 வருஷம் வரி கழிவு உண்டு, ஆனா பழைய டாக்ஸ் ரெஜிம்ல மட்டும், புதுசுல இருக்குறவங்களுக்கு அதுவும் இல்ல.

ஜெர்மனி பீஸ் இல்லன்னு சொல்லுவாங்க, முக்கால்வாசி உண்மை. ப்ளாக்டு அக்கவுன்ட்ல, அதாவது மாசா மாசம் கொஞ்சமா மட்டும் எடுக்க முடியுற பேங்க் கணக்குல, வருஷத்துக்கு 11,904 யூரோ காட்டணும், நம்ம மார்க் ஷீட்ட சரிபாத்து குடுக்குற ஏபிஎஸ் சர்டிபிகேட் 2022 நவம்பர்ல இருந்து கட்டாயம், மியூனிக்ல இருக்குற டியூஎம் யூனிவர்சிட்டி 2024ல இருந்து ஐரோப்பாவுக்கு வெளிய இருந்து வர்றவங்க கிட்ட செமஸ்டருக்கு ஆயிரக்கணக்குல யூரோ வாங்க ஆரம்பிச்சுட்டாங்க. இங்க திரும்பவும் நம்ம 3 வருஷ டிகிரி பிரச்சனை எட்டிப் பாக்கும், ஏன்னா அவங்க டிகிரி பேர பாக்குறத விட யூஜில எத்தனை கிரெடிட் மேத்ஸ், எத்தனை கிரெடிட் தியரின்னு சப்ஜெக்ட் சப்ஜெக்டா ஒப்பிடுவாங்க. படிப்பு இங்கிலீஷ்ல முடிச்சுடலாம், வேலைக்கு ஜெர்மன் வேணும், இத கன்சல்டன்சில கடைசியா தான் சொல்லுவாங்க. இங்கிலாந்து ஒரே வருஷத்துல முடியும், ஆனா டாட் (ஆராய்ச்சி இல்லாம கிளாஸ்ல பாடம் நடத்துற) மாஸ்டர்ஸ்க்கு குடும்பத்த கூட்டிட்டு போக 2024 ஜனவரில இருந்து முடியாது, படிச்சப்புறம் வேலை தேட குடுக்குற 2 வருஷமும் 2027 ஜனவரில இருந்து 18 மாசமா குறையுது. ஸ்டார் ஹோட்டல்ல பேனர் கட்டி ஸ்பாட் அட்மிஷன்னு கூப்புடுவாங்களே, அந்த கன்சல்டன்சிகாரங்க பல பேருக்கு காசு குடுக்குறது நீங்க இல்ல, ஆள் சேத்து விட்டதுக்கு யூனிவர்சிட்டி குடுக்குற கமிஷன். உங்களுக்கு ப்ரீ சர்வீஸ்னு சொன்னா அத யாரு கட்டுறாங்கன்னு யோசிங்க.

எனக்கு தனிப்பட்ட முறைல ரொம்ப புடிச்சது அமெரிக்கால இருக்குற ஜார்ஜியா டெக் யூனிவர்சிட்டியோட கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆன்லைன் மாஸ்டர்ஸ், ஓம்ஸ்சிஎஸ்னு சொல்லுவாங்க. 2014 ஜனவரில உடாசிட்டின்ற ஆன்லைன் கோர்ஸ் கம்பெனியோட சேந்து, ஏடி அண்ட் டின்ற டெலிகாம் கம்பெனி குடுத்த 2 மில்லியன் டாலர்ல ஆரம்பிச்சது, முதல் பேட்ச் 380 பேரு, இப்ப பத்தாயிரத்துக்கு மேல படிக்கிறாங்க. மொத்தம் 10 கோர்ஸ், 7,000 டாலர ஒட்டி முடிஞ்சுடும், சர்டிபிகேட்ல ஆன்லைன்னு எங்கயும் இருக்காது. சேர்றது பெரிய கஷ்டம் இல்ல, முடிக்குறது தான் கஷ்டம், முதல் வருஷத்துல ரெண்டு பவுண்டேஷன் கோர்ஸ்ல பி கிரேடாவது வாங்கலனா வெளிய. கிராஜுவேட் அல்காரிதம்ஸ்னு ஒரு பேப்பர் இருக்கு, அதுல சிக்கி ரெண்டு தடவை மூணு தடவை எழுதுறவங்க புலம்பல் ஒரு தனி இலக்கியம். இத வச்சு பொருளாதாரக்காரங்க ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க. கேம்பஸ்ல நேர்ல படிக்க அப்ளை பண்றவங்க சராசரியா 24 வயசு, அமெரிக்கர் இல்லாதவங்க. ஆன்லைனுக்கு அப்ளை பண்றவங்க 34 வயசு, வேலைல இருக்குற அமெரிக்கர்கள். ஒரே காலேஜ், ஒரே டிகிரி, ரெண்டு வேற ஜனம். நேர்ல போறவங்க பெரும்பாலும் இடம் மாற போறாங்க, ஆன்லைன்ல படிக்குறவங்க இருக்குற இடத்துலயே மேல போக படிக்குறாங்க. இந்த ஆன்லைன் டிகிரிக்கு எப்1 விசாவும் கிடையாது, ஓபிடியும் கிடையாது, அதனால அமெரிக்கா போகணும்ன்றவங்களுக்கு இது பிரயோஜனமில்ல. பிஇ முடிச்சு நாலஞ்சு வருஷமாச்சு, ஊர விட்டு போற எண்ணம் இல்ல, கம்ப்யூட்டர் சயின்ஸ ஒழுங்கா கத்துக்கணும்னு கேக்குறவங்களுக்கு நான் முதல்ல சொல்றது இது தான்.

டிகிரி செல்லுமான்னு பாக்குறது தனி வேலை. 2017 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட், 4 நிகர்நிலை பல்கலைக்கழகங்கள் 2001ல இருந்து 2005 வரைக்கும் தொலைதூரக் கல்வில சேத்த இன்ஜினியரிங் பட்டங்கள நிறுத்தி வச்சுச்சு, அத வச்சு ப்ரொமோஷன் வாங்குனவங்க பாடு திண்டாட்டமாச்சு, பத்து வருஷம் கழிச்சு. இன்னைக்கும் ரூல் இதான், எம்சிஏ ஆன்லைன்லயும் தொலைதூரத்துலயும் நடத்தலாம், இன்ஜினியரிங் அப்படி நடத்தக் கூடாது. அதனால யாராவது "டிஸ்டன்ஸ் எம்டெக்"னு விளம்பரம் போட்டா நின்னு பாருங்க. யூஜிசி தொலைதூரக் கல்விப் பிரிவோட லிஸ்ட்ல அந்த காலேஜும் அந்த கோர்ஸும் அந்த வருஷத்துக்கு இருக்கான்னு பாக்கணும், இப்ப சேர்றதுக்கே டெப் ஐடின்னு ஒண்ணு எடுத்தாகணும். முறையான ஆன்லைன் டிகிரி ரெகுலர் டிகிரிக்கு சமம்னு 2022லயே யூஜிசி சொல்லிடுச்சு, அதனால மாமா சித்தப்பா "கரஸ்ல படிச்சதெல்லாம் ஒரு படிப்பா"ன்னா காதுல வாங்காதீங்க. இன்னொரு பக்கம் எட்டெக் கம்பெனிக்காரங்க ஐஐடி லோகோவ பெருசா போட்டு விக்குற பிஜி சர்டிபிகேட், எக்சிகியூட்டிவ் ப்ரோக்ராம் எல்லாம் மாஸ்டர்ஸ் டிகிரி இல்ல. கத்துக்க நல்லா இருக்கலாம், ஆனா பிஎஸ்சி காரங்களுக்கு அந்த 15 வருஷ கணக்கு அதனால நிரம்பாது.

கேப் விழுந்தவங்கள விட்டுட்டேன். குழந்தைக்காக நாலு வருஷம் வேலைய விட்ட பொண்ணுங்க ரெஸ்யூம்ல அந்த நாலு வருஷம் ஒரு ஓட்டையா தெரியும், எச்ஆர் முதல் கேள்வியே அதான் கேப்பாங்க. எங்க டீம்ல ஒரு அக்கா கடைசி ரெண்டு வருஷத்த எம்சிஏவால நிரப்புனாங்க, ஆன்லைன்ல, குழந்தை தூங்குன நேரத்துல. அவங்களே சொன்னது, பாடத்துல பெருசா புதுசு எதுவும் இல்லப்பா, "இப்ப என்ன பண்றீங்க"ன்னு கேட்டா சொல்ல ஒரு பதில் கிடைச்சுது, அவ்ளோ தான். அந்த பதிலுக்கு அந்த பீஸ் கொஞ்சமும் ஜாஸ்தி இல்லன்னு நான் நினைக்குறேன்.

2025 ஜூலைல டிசிஎஸ் 12,000 பேருக்கு மேல குறைக்கப் போறோம்னு சொன்னப்போ, அது பெரும்பாலும் நடு மட்டத்துலயும் மேல் மட்டத்துலயும்னு சேத்து சொன்னாங்க. அதுக்கப்புறம் எனக்கு வர்ற போன்கள்ல வயசு கூடிடுச்சு, முன்னாடி 25, 26, இப்ப 38, 40. அவங்களுக்கு நான் மாஸ்டர்ஸ் போடுங்கன்னு சொல்ல தயங்குறேன். 15 வருஷ அனுபவம் உள்ளவங்கள யாரும் டிகிரி இல்லன்னு தூக்குறதில்ல, கைல கோடு எழுதி ரொம்ப வருஷம் ஆச்சுன்னு தான் தூக்குறாங்க, அதுக்கு ரெண்டு வருஷ எம்டெக் சுத்து வழி.

டீக்கடைல கேட்ட அந்த தம்பி பிசிஏ, 26 வயசு, செய்யாறு பக்கம். இதெல்லாம் கேட்டுட்டு, சரிண்ணா அப்ப வெளிநாடெல்லாம் இருக்கட்டும், வீக்கெண்ட் எம்டெக்குக்கு பிசிஏவ நேரா எடுப்பாங்களான்னு கேட்டான். சில இடத்துல எடுப்பாங்க, சில இடத்துல எம்சிஏவோ எம்எஸ்சியோ முடிச்சுட்டு வான்னுவாங்க, ஒவ்வொரு கோர்ஸுக்கும் எலிஜிபிலிட்டி பக்கத்த திறந்து படிடான்னேன். போன வாரம் வந்தான், எம்சிஏ தான், ஆன்லைன், டெப் ஐடி எடுத்துட்டானாம். "சனிக்கிழமை ரிலீஸ் கால்ல இருந்து மட்டும் என்ன எடுத்து விடுங்கண்ணா"ன்னான். இப்ப அந்த ரோஸ்டர் போடுறது நான் தான்.